‘சூப்பர்’ என்று சொல்லாமல் ஒரு போட்டியாளரைப் பற்றிப் பேசுவது எப்படி

தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி ஓடும்போது, முதலில் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். பல்லவி ஒருமுறை முடியட்டும், பிறகு திரும்பிக்கொள்ளலாம். மேடை விளக்கு, பட்டுப்பாவாடை, கூட்டத்தில் கண்ணைத் துடைக்கும் அம்மா, எழுந்து நின்று கைதட்டும் நடுவர் என எல்லாம் ஒன்றாக வந்து மோதும்போது, காது தன் வேலையைக் கண்ணிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மேற்கத்திய செவ்வியல் இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றிலிருந்து சில நொடித் துண்டுகளைக் கொடுத்து, யார் வென்றிருப்பார்கள் என்று கேட்டார்கள். ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட, ஒலியே இல்லாமல் படத்தை மட்டும் பார்த்தவர்கள்தான் அதிகம் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறைக் கலைஞர்களிடமும் இதே கதைதான். 2010இல் நெதர்லாந்தில் தொடங்கிய ‘தி வாய்ஸ்’ நிகழ்ச்சி நடுவர்களின் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டதில் பாதி நாடகம் என்றாலும் மீதி நியாயம்.

நான் இப்படித் திரும்பி உட்கார்ந்தால் அத்தை, “பாடுகிறவனைப் பார்க்காமல் என்னம்மா பாட்டு கேட்கிறாய்?” என்பார். அத்தையின் தீர்ப்புகள் உறுதியானவை. ஒரு பிள்ளை நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மேடையேறினால் பாதி மதிப்பெண் அங்கேயே கிடைத்துவிடும். என் கொழுந்தனாருக்கோ உச்சஸ்தாயி ஒன்றுதான் சங்கீதம். குரல் மேலே போகப் போக அவர் சோபாவிலிருந்து எழுந்துகொண்டே போவார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கேட்டதற்கு மட்டும் கருத்துச் சொல்லப் பழகியவள் நான். பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். வீணை கொஞ்சம் கற்று, கல்யாணத்தோடு விட்டுவிட்டேன். மேடைப் பாடகி அல்ல. ஆகவே இந்த வழிமுறை, சங்கீதம் முழுக்கத் தெரியாத, ஆனால் சும்மா தலையாட்டவும் பிடிக்காத ரசிகர்களுக்கு.

கருத்துக்கு இடம் சுட்டுங்கள்

விடைத்தாளின் மேல் ‘நன்று’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் மாணவனுக்கு ஒன்றும் விளங்காது. எந்த வரி நன்று, எந்த வரியில் பிழை என்று அடிக்கோடு இட வேண்டும். பாட்டுக்கும் அப்படியே. “அருமையாகப் பாடினாள்”, “இந்த வாரம் சரியில்லை” என்பவை கருத்துகளே அல்ல, மனநிலைகள். பாட்டில் எந்த இடம் என்று சொல்லுங்கள்: இரண்டாவது சரணத்தின் மூன்றாவது வரி, இடையிசை முடிந்து எடுத்த முதல் சொல், பல்லவி கடைசி முறை திரும்பிய இடம்.

இதற்குக் கையில் ஒரு சின்ன நோட்டு போதும். ஒருவருக்கு மூன்று வரிகளுக்கு மேல் எழுத நேரம் இருக்காது. முதல் வரியில் பாட்டும் மூலத்தில் பாடியவர் பெயரும். இரண்டாவது வரியில் காது நிமிர்ந்த இடம். மூன்றாவதில் காது சுளித்த இடம். முக்கியமான நிபந்தனை ஒன்று: நடுவர் வாய் திறப்பதற்குள் இந்த மூன்று வரிகளும் முடிந்திருக்க வேண்டும். நடுவர் பேசிய பிறகு எழுதினால் அது அவருடைய கருத்தின் நகல்.

சுருதியைப் பிடிப்பது

சுருதி விலகியதா இல்லையா என்பது சங்கீதம் கற்றவர்களுக்கு மட்டும் தெரியும் என்று நினைத்து நிறையப் பேர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

ஒரு வரியின் கடைசி எழுத்தை நீட்டி நிறுத்தும் இடத்தைக் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மறைந்துவிடும் குறை, நிற்கும்போது மறையாது. நின்ற ஸ்வரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிந்தால் மூச்சு தீர்ந்துவிட்டது என்று பொருள். அடுத்து, இடையிசை முடிந்து சரணம் எடுக்கும் முதல் சொல். அங்கே பாடுகிறவருக்குக் கைப்பிடி இல்லை. வாத்தியம் எங்கேயோ போய்விட்டுத் திரும்பியிருக்கும். தேர்ந்தவர்கள் நேராக ஸ்வரத்தின் மேல் வந்து இறங்குவார்கள். மற்றவர்கள் கீழே தொட்டு, தடவி, மேலே ஏறிச் சேர்வார்கள். இது அரை நொடிதான். ஆனால் கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது.

எனக்கு மிகப் பிடித்த சோதனை, வாத்தியங்கள் எல்லாம் நின்று குரல் மட்டும் தனியாக ஒலிக்கும் வரி. அந்த வரியை அல்ல, அது முடிந்து வாத்தியங்கள் மறுபடி சேரும் கணத்தைக் கேளுங்கள். சேர்க்கை உறுத்தாமல் இருந்தால் அந்தப் பிள்ளைக்குச் சுருதி உடம்பில் இருக்கிறது. உறுத்தினால், தனியாகப் பாடியபோது நகர்ந்துபோயிருக்கிறது. அரங்கம் கைதட்டலில் அதிர்ந்துகொண்டிருக்கும் என்பதால் இதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

பிறகு கீழ் ஸ்வரங்கள். கொழுந்தனாரோடு எனக்கு ஓயாத சண்டை இதில்தான். மேலே போவதற்குத் தைரியமும் பயிற்சியும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மந்திர ஸ்தாயியில் சொல் தெளிவாகவும் கனமாகவும் விழுவது அதைவிட அரிது. பலருக்கு அங்கே குரல் வெறும் காற்றாகிவிடுகிறது. ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய்ச் சமாளிக்கிறார்கள். மேல் ஸ்தாயிக்குக் கைதட்டல் விழும் இதே நிகழ்ச்சிகளில், ஒரு பெண் கீழ் பஞ்சமத்தில் நின்று சொன்ன சொல்லுக்கு ஒருவரும் தலை நிமிர்த்துவதில்லை. நீங்கள் நிமிர்த்துங்கள்.

ஓர் எச்சரிக்கை: அசைவெல்லாம் விலகல் ஆகாது. கமகம் என்பது வேண்டுமென்றே ஸ்வரத்தை அசைப்பது. அது எங்கே போய் ஓய்கிறது என்று பாருங்கள். ஓயும் இடம் சரியாக இருந்தால் நடுவில் நடந்த ஆட்டம் அவர் நினைத்துச் செய்தது.

பாட்டைத் தேர்ந்தது யார்?

“இந்த வாரம் சொதப்பிவிட்டான்” என்று வீட்டில் தீர்ப்பு எழும்போது, பாதி நேரம் சொதப்பியது பாட்டுத் தேர்வாக இருக்கும். இங்கே கட்டைக் கணக்கு, அதாவது பாடகர் எந்தச் சுருதியில் பாடுகிறார் என்று அளக்கும் கணக்கு, கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஹார்மோனியத்தில் ஸ்தாயி தொடங்கும் முதல் வெள்ளைக் கட்டை ஒரு கட்டை, ஐந்தாவது வெள்ளைக் கட்டை ஐந்து கட்டை. கச்சேரியில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் பாடுவார்கள்; பெண்கள் ஐந்தை ஒட்டி. சினிமாப் பாட்டில் இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. இசையமைப்பாளர் ஒரு குறிப்பிட்ட குரலை மனத்தில் வைத்து மெட்டுப் போட்டிருப்பார். ஆண் பாடிய பாட்டை ஒரு பெண் மூலச் சுருதியிலேயே எடுத்தால் பல்லவி தாழ்ந்து கேட்காமல் போகும். சுருதியைத் தூக்கினால் பல்லவி அழகாக வரும், ஆனால் சரணத்தின் உச்சம் கழுத்தை நெரிக்கும். ஆகவே ஒரு பாடகி சரணத்தில் திணறினால் உடனே குரலைக் குறை சொல்லாதீர்கள். அரைக் கட்டை இறக்கியிருந்தால் தப்பித்திருப்பாளா என்று யோசியுங்கள். “ஒரு கட்டை கீழே எடுத்திருக்கலாம்” என்பது பயனுள்ள கருத்து.

‘கடினமான பாட்டு’ என்ற பட்டத்தையும் கொஞ்சம் சந்தேகியுங்கள். பிருகா (வேகமாக உருண்டோடும் ஸ்வரக் கோவை) கொட்டும் பாட்டு, மூச்சு விடாமல் ஓடும் பாட்டு எல்லாம் கடினமாகத் தெரியும், உழைத்தால் வந்துவிடும். பி. சுசீலா பாடிய பாட்டுகளை எடுத்துப் பாருங்கள். ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் அளந்து வைத்த இடத்தில் விழுந்திருக்கும். அதை எடுத்துப் பாடி, சாதாரணமாகத் தெரியாமல் தப்பித்த போட்டியாளர்கள் குறைவு. யாராவது அப்படித் தப்பித்தால், நோட்டில் இரண்டு கோடு போடுவேன்.

மூலப் பாட்டை எப்போது கேட்பது என்ற கேள்வி வரும். போட்டியாளர் பாடி முடித்த பிறகு கேளுங்கள். முன்பே கேட்டால் நகலைச் சரிபார்க்கும் வேலையில் இறங்கிவிடுவீர்கள். பிறகு கேட்டால், அவர் சேர்த்த புதுச் சங்கதி (ஒரு வரியை மாற்றி மெருகேற்றிப் பாடும் விதம்) எது, விட்டுவிட்ட சங்கதி எது என்று தெரியும். சேர்த்தது பாட்டின் பொருளுக்கு ஏதாவது செய்ததா, அல்லது ‘எனக்கு இதுவும் வரும்’ என்று காட்ட மட்டும் வந்ததா? சோகப் பாட்டின் கடைசி வரியில் மேலே ஏறி, சுற்றி, இறங்கி, மறுபடி ஏறுகிற சங்கதிகள்மேல் எனக்குப் பொறுமை போய்ப் பல காலமாகிறது. அழுகிறவன் இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்க மாட்டான்.

சொல்லைக் கேளுங்கள்

இது என் தொழில் சார்ந்த இடம் என்பதால் கொஞ்சம் கறாராக இருப்பேன். ழகரம் ளகரமாவது எல்லோருக்கும் தெரியும், நடுவரும் சொல்லிவிடுவார். யாரும் சொல்லாதது, சொல்லின் நடுவில் மூச்சு எடுப்பது. ‘கண்மணி’யைக் ‘கண்’ என்று நிறுத்தி, மூச்சு இழுத்து, ‘மணி’ என்று தொடங்கினால் காதலி போய் மணி மட்டும் நிற்கும். மெட்டு ஓர் இடத்தில் இடம் கொடுக்கும், பொருள் வேறோர் இடத்தில் இடம் கொடுக்கும். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தைத் தேடி மூச்சு எடுக்கிறவரே பாட்டைப் படித்துவிட்டு மேடைக்கு வந்தவர்.

‘அவருக்குத் தாய்மொழி தமிழ் இல்லை’ என்று மன்னிப்பதும் வேண்டாம், அதையே சொல்லிக் கேலி செய்வதும் வேண்டாம். பி. சுசீலாவும் எஸ். ஜானகியும் ஆந்திரத்தில் பிறந்தவர்கள். யேசுதாசும் சித்ராவும் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். ஒரு தலைமுறையே அவர்கள் வாயால் தமிழ்ப் பாட்டுக் கேட்டு வளர்ந்தது. எனவே எந்த எழுத்து எந்தச் சொல்லில் வழுக்கியது என்று மட்டும் சொல்லுங்கள். ஊரை இழுக்க வேண்டாம். இந்த நாகரிகத்தைக் கற்க விரும்புகிறவர்கள், எஸ்.பி. பாலசுப்ரமணியம் 1996 முதல் தெலுங்கில் ஈடிவியில் நடத்திய ‘பாடுதா தீயகா’வின் பழைய பகுதிகளைப் பார்க்கலாம். மொழி புரியாவிட்டாலும், குறையை எவ்வளவு குறிப்பாகவும் எவ்வளவு கனிவாகவும் சொல்ல முடியும் என்பது புரியும்.

எந்த அளவுகோல்?

விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் 2006இல் தொடங்கிய காலத்திலிருந்து வீடுகளில் ஓயாத வழக்கு இது: முறைப்படி கற்றவரையும் கற்காதவரையும் எப்படி ஒரே தராசில் வைப்பது? நான்காவது பருவத்தில் வென்ற திவாகர் முறைப்படி சங்கீதம் பயின்றவர் அல்ல. 2018இல் ஆறாவது பருவத்தில் வென்ற செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாடகர். அவர் வென்றபோது, “எல்லா வகைப் பாட்டும் பாட வேண்டாமா?” என்று ஒரு சாராரும், “இத்தனை நாள் நம் மண்ணின் பாட்டுக்கு மேடை எங்கே இருந்தது?” என்று இன்னொரு சாராரும் வரிந்து கட்டினார்கள்.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டு எதைக் கேட்கிறதோ அதைக் கொடுத்தாரா என்று பாருங்கள். நாட்டுப்புறப் பாட்டு திறந்த தொண்டையைக் கேட்கிறது; ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும் எறிதலைக் கேட்கிறது; பறையும் தவிலும் அடிக்கும் அடியின்மேல் சொல்லை ஏற்றி வைக்கும் தாளக் கட்டைக் கேட்கிறது. அங்கே போய் ‘பிருகா இல்லையே’ என்று தேடுவது அறியாமை. அதேபோல் ஒரு கர்நாடக சங்கீத மாணவி குத்துப்பாட்டுப் பாடும்போது ஒவ்வொரு எழுத்தையும் கமகத்தில் குளிப்பாட்டினால், ‘என்ன இருந்தாலும் சங்கீதம் தெரிந்தவள்’ என்று விட்டுக்கொடுக்கவும் கூடாது. அந்தப் பாட்டு கேட்டது வேறு.

இதைவிட நியாயமான அளவுகோல் ஒன்று உண்டு: அவரை அவரோடு ஒப்பிடுவது. நோட்டு இங்கேதான் உதவும். மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டுங்கள். அன்று சரணம் எடுக்கும் இடத்தில் தடவினார் என்று எழுதியிருந்தால், இன்று அதே மாதிரி இடத்தில் என்ன செய்தார்? திருத்திக்கொள்கிறவர்களை ஆரம்பத்திலேயே அடையாளம் காண்பதில் ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது. அத்தைக்கு இறுதிச் சுற்றில் தெரிவது எனக்குத் தேர்வுச் சுற்று முடிந்த கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிடும். (இதை அத்தையிடம் சொல்வதில்லை.)

படத்தொகுப்பும் ஒலிக்கலவையும்

பாடுவதற்கு முன் ஒரு குறும்படம் வரும்: ஒழுகும் கூரை, ஆட்டோ ஓட்டும் அப்பா, பின்னால் புல்லாங்குழல். அவர்கள் கஷ்டம் உண்மையாகவே இருக்கட்டும். அந்த மூன்று நிமிடம் ஒலியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். பாட்டைப் பற்றிய கருத்தில் அது கலந்தால், அடுத்து வரும் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அநியாயம் செய்தவராவீர்கள்.

ஒலியையும் முழுதாக நம்பிவிட முடியாது. 2010இல் பிரிட்டனின் ‘எக்ஸ் ஃபேக்டர்’ தேர்வுச் சுற்று ஒளிபரப்பில் குரல்களை ஆட்டோ-டியூன் மூலம் திருத்தியதாகப் பெரிய சர்ச்சை எழுந்தது. பதிவுசெய்து, கலவைசெய்து வரும் எந்த நிகழ்ச்சியிலும், அரங்கில் கேட்டதும் வீட்டில் கேட்பதும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இழைந்து போக வேண்டிய குரல் படிப்படியாகத் தாவினால் எனக்குச் சந்தேகம் வரும். அதனால் திருத்த முடியாதவற்றுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள்: சொல்லின் எடை, மூச்சு எடுத்த இடம், வரியின் ஏற்ற இறக்கம். நேரடியாக ஒளிபரப்பாகும் இறுதிச் சுற்றே நம்பகமான சான்று. அங்கே வேறு குரலாகத் தெரிகிறவரைப் பற்றி என்ன நினைப்பது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

நடுவர் பேச்சையும் இப்படியே சலித்து எடுங்கள். உடை, புன்னகை, ஆசீர்வாதம் என்று போனால் பாட்டைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை, அல்லது சொல்ல மனமில்லை. பாடிக் காட்டித் திருத்தும் நடுவர் கிடைத்தால் நோட்டில் அவருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

கருத்து வேறு, ஓட்டு வேறு

பிடித்தவருக்கு ஓட்டுப் போடுங்கள். அதில் எந்தத் தப்பும் இல்லை. நான் போட்டவர்கள் எல்லோரும் நன்றாகப் பாடியவர்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ‘வென்றதால் அவரே சிறந்தவர்’ என்று மட்டும் வாதிடாதீர்கள். ஜெனிஃபர் ஹட்சன் 2004இல் ‘அமெரிக்கன் ஐடல்’ போட்டியில் ஏழாவது இடத்தோடு வெளியேறினார். 2007இல் ஆஸ்கர் விருது வாங்கினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஒன் டைரக்ஷன் குழு 2010இல் ‘எக்ஸ் ஃபேக்டரில்’ மூன்றாமிடம். 2005இல் ‘ஃபேம் குருகுல்’ என்ற இந்திப் பாட்டுப் போட்டியில் பாடி வெல்லாமல் திரும்பியவர், பின்னாளில் இந்தித் திரையிசையில் முன்னணிக்கு வந்த அரிஜித் சிங். ஒரே பாணியில் இரண்டு பேர் இருந்தால் ஓட்டுப் பிரியும். பாடிய வரிசையும் சும்மா இருக்காது: பெல்ஜியத்தின் ராணி எலிசபெத் இசைப் போட்டியில் மேடையேறும் வரிசை குலுக்கலில் முடிவாகிறது, அப்படியிருந்தும் இறுதிச் சுற்றின் முதல் நாள் வாசித்தவர்கள் தரவரிசையில் பின்தங்கியதை 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால் முதலில் பாடியவரின் குறிப்பை, கடைசிப் பாட்டு முடிந்த பிறகு ஒருமுறை திரும்பப் படியுங்கள்.

ஜூனியர் போட்டிகளுக்கு மட்டும் தனி விதி. குழந்தையின் பாட்டில் குறை கண்டால், அந்தப் பாட்டைக் கொடுத்த பெரியவர்களைப் பற்றி எழுதுங்கள். பத்து வயதுப் பெண் விரகதாபப் பாட்டுப் பாடுவதும் நடுவர்கள் ‘என்ன பாவம், என்ன உணர்ச்சி’ என்று உருகுவதும் எனக்குச் சகிக்காது. இதில் யார் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

இனி, எல்லாம் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு என் நோட்டிலிருந்து ஒன்று, பாட்டின் பெயரும் பிள்ளையின் பெயரும் நீங்கலாக:

“எண்பதுகள் சுற்று. மெல்லிசை, ஆண் குரல். பல்லவியில் கடைசி எழுத்தை இரண்டு முறையும் அசையாமல் நிறுத்தினான். மூச்சில் நல்ல தேர்ச்சி. முதல் சரணம் எடுத்த இடத்தில் கீழிருந்து தடவி ஏறினான், இரண்டாவது சரணத்தில் நேராக இறங்கினான். அதாவது மேடையிலேயே திருத்திக்கொண்டான். ‘விழி’ இரண்டு இடத்திலும் சுத்தம், ‘உள்ளம்’ ஓரிடத்தில் மெலிந்தது. கடைசி வரியில் சேர்த்த சங்கதி வேண்டாதது. மூலத்தில் அங்கே இருக்கும் மௌனம் போய்விட்டது. கீழ் ஸ்வரங்கள் கனம். உச்சம் சுமார், கொழுந்தனார் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் வேகமான பாட்டு கொடுத்தால் தாளத்தில் நிற்கிறானா என்று பார்க்க வேண்டும்.”